பால் கணக்குக்கு நடுவே

2016இல் அம்மாவின் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு பரணை ஒழித்தபோது சணலால் கட்டிய ஒரு காலண்டர் கட்டு கிடைத்தது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் இலவசமாகக் கொடுக்கும் மாதக் காலண்டர்கள்தாம். 1992 தொடங்கி 2013 வரை ஒரு வருடம் விடாமல் இருந்தது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் அம்மாவின் பொடிக் கையெழுத்தில் பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, அப்பாவின் திதி, சீட்டுப் பணம் கட்டிய நாள். அவற்றுக்கு நடுவே பென்சிலால் சில தேதிகளைச் சுற்றி வட்டம். வேறு சில தேதிகளின் மூலையில் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

வட்டம் போட்ட நாட்களில் பால் வரவில்லை போலும் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கட்டங்களிலும் ‘1 லி’ என்று எழுதியிருந்தது. அடுத்த வாரம் வந்த அத்தை காலண்டரை வாங்கி இரண்டு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “இதெல்லாம் உன் அக்கா வீட்டுக்குத் தூரமான தேதிடா.”

பெருக்கல் குறி என்ன என்பதை அத்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சில தேதிகள் எனக்கே நினைவிருந்தன. அக்கா விடிய விடியத் தூங்காமல் கூடத்தில் நடந்துகொண்டு, மாடியில் இருக்கும் யாரோ இருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த இரவுகள் அவை. எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். வரைபடத்தாள் வீட்டில் எப்போதும் இருக்கும். சில வருடத்துக் காலண்டர்களை எடுத்து வட்டங்களையும் பெருக்கல் குறிகளையும் ஒரே தாளில் குறித்துப் பார்த்தேன். குறிகளில் பாதிக்கு மேல் வட்டத்துக்கு முந்தைய நான்கைந்து நாட்களிலும் வட்டத்தை ஒட்டிய ஓரிரு நாட்களிலும் வந்து குவிந்தன. நடுவில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் வெறிச்சென்று கிடந்தன. இதை நான் சான்று என்று சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் அம்மா கூடுதலாக விழித்திருந்து கவனித்திருக்கலாம். கவனித்ததால் குறியும் கூடியிருக்கலாம். ஒரு மாணவன் இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினால் இதைத்தான் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்கா 1965இல் பிறந்தவள். 1989இல் திருமணம். மூன்று வருடம் கழித்து, இருபத்தேழாவது வயதில், குரல்கள் கேட்கத் தொடங்கின. அவள் செய்வதை எல்லாம் இரண்டு பேர் வர்ணித்துக்கொண்டே இருப்பார்களாம். இதோ அடுப்பைப் பற்றவைக்கிறாள், இதோ புடவையை மடிக்கிறாள் என்று. மாமா வீட்டில் பேய் என்றார்கள். குணசீலத்தில் பெருமாள் சன்னிதியில் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அம்மா அவளோடு தங்கினாள். திரும்பி வந்தபோது மாமா அக்காவின் பெட்டியை எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வழக்கு, விவாகரத்து என்று எதுவும் இல்லை. பெட்டி மட்டும்தான் வந்தது. இன்றைக்கும் அக்கா தாலியைக் கழற்றவில்லை.

சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநோய் ஆய்வு நிறுவனத்தில், டாக்டர் தாரா குழுவினர் இப்படி மணவாழ்க்கை முறிந்த 76 பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்து 2003இல் வெளியிட்டார்கள். மனநோய் என்ற அவப்பெயரைவிடக் கணவன் விட்டுவிட்டுப் போன பெண் என்ற அவப்பெயர்தான் அந்தக் குடும்பங்களை அதிகமாக வதைத்தது என்பது அதில் வரும். எங்கள் தெருவுக்கு வந்து எழுதியதைப் போல இருந்தது.

இருபத்தேழு வயது என்பதில் ஒரு செய்தி இருக்கிறது. அக்காவுக்கு வந்த மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) ஆண்களுக்குப் பெரும்பாலும் இருபதின் தொடக்கத்திலேயே வந்துவிடும். பெண்களுக்குச் சராசரியாக மூன்று நான்கு வருடம் தாமதம். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹைன்ஸ் ஹாஃப்னர் என்ற மனநல மருத்துவர், முதன்முறையாக நோய் கண்ட 232 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் முதல் அறிகுறி எப்போது வந்தது என்று நோயாளியிடமும் வீட்டாரிடமும் துருவித் துருவிக் கேட்டார். ஆண்களின் வளைவு இளவயதில் ஏறி அதோடு இறங்கிவிடுகிறது. பெண்களின் வளைவு மெதுவாக ஏறி இறங்கி, நாற்பத்தைந்தைத் தாண்டியதும் மறுபடி ஒரு சின்ன மேடு கட்டுகிறது. அந்த மேடு எழும் இடம் மாதவிடாய் நிற்கும் வயது. சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருக்கும்வரை ஏதோ ஒரு காவல் இருக்கிறது, அது வற்றும்போது காவலும் போகிறது என்று ஹாஃப்னர் நினைத்தார். எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன்களில் முக்கியமான ஈஸ்ட்ரடையாலைக் கொடுத்துப் பார்த்தபோது, மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தூண்டுவதாலும் தடுப்பதாலும் வரும் நடத்தைகள் இரண்டுமே தணிந்தன. மூளையில் டோபமின் வந்து ஒட்டும் டி2 ஏற்பிகளின் உணர்திறனை ஈஸ்ட்ரடையால் மட்டுப்படுத்துகிறது என்று அதை அவர் விளக்கினார். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் போய் அடைக்கும் இடமும் அதே டி2தான்.

எல்லா ஊரிலும் இந்த இடைவெளி இப்படியே தெரிவதில்லை. இந்திய ஆய்வுகள் சிலவற்றில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நோய் தொடங்கும் வயதில் வேறுபாடே காணப்படவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே நோய் இருந்தால் பெண்களுக்குக் கிடைக்கும் அந்தத் தாமதம் சுருங்கிவிடுகிறது என்பதையும் மன்ஹைம் குழுவே கண்டது. எங்கள் தாத்தாவின் தம்பி ஒருவர் இளவயதில் ‘காசிக்குப் போய்விட்டார்’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ஏன் போனார் என்று யாரும் சொன்னதில்லை.

இனி 1999ஆம் வருடக் காலண்டருக்கு வருகிறேன். அதில் மார்ச் மாதத்துக்குப் பிறகு வட்டமே கிடையாது. ஏப்ரல், மே, ஜூன் என்று பால் கணக்கு மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. ஆகஸ்டில் ஒரு கட்டத்தில், ‘டாக்டர் 150, பஸ் 18’ என்று எழுதியிருக்கிறது.

அதற்கு முந்தைய வருடம்தான் மருத்துவர் ரிஸ்பெரிடோன் மாத்திரைக்கு மாற்றியிருந்தார். குரல்கள் நன்றாகவே அடங்கின. அக்கா மறுபடி கோலம் போட்டாள். ஆகஸ்டில் ஒரு நாள் அவள் ரவிக்கை நனைந்திருந்ததை அம்மா பார்த்திருக்கிறாள். பால். ஐந்து மாதமாகத் தூரமும் இல்லை. அம்மாவின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பகலில் நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன், அம்மா கோயிலுக்கும் கடைக்கும் போவாள், வீட்டில் அக்கா தனியாக இருப்பாள். அந்த வாரம் முழுவதும் அம்மா தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரு மாதிரிப் பார்த்தாள். பால்காரரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு உள்ளூர் மருத்துவரிடம் போகாமல், பஸ் ஏறி வேறு ஊருக்கு அக்காவை அழைத்துக்கொண்டு போய், பெண் மருத்துவர் ஒருவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறாள். கர்ப்பம் இல்லை. அந்த மருத்துவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டு, இரத்தத்தில் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சொன்னார். அது இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு.

இவ்வளவையும் அம்மா எனக்குச் சொன்னது ஏழெட்டு வருடம் கழித்துத்தான். அதுவும் பாதிப் பாதியாக.

நடந்தது இதுதான். டோபமினுக்கு மூளையில் ஒரே ஒரு வேலை இல்லை. ஓரிடத்தில் அது எதை முக்கியம் என்று கவனிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது; அங்கே அது மிகுந்தால் சுவரில் ஓடும் பல்லிகூட நமக்குச் செய்தி சொல்வதாகத் தோன்றும். இன்னோர் இடத்தில், மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில், புரோலாக்டின் பெருகாமல் அதே டோபமின்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. மாத்திரை டி2 ஏற்பியை அடைக்கும்போது இடம் பார்த்து அடைப்பதில்லை. முதல் இடத்தில் குரல் தணிகிறது. இரண்டாவது இடத்தில் பிடி தளர்ந்து புரோலாக்டின் ஏறுகிறது. பிள்ளை பெறாத மார்பில் பால் சுரக்கிறது. புரோலாக்டின் ஏறினால் சூலகத்துக்குக் கீழிறங்க வேண்டிய ஆணைகள் குறைந்து ஈஸ்ட்ரோஜன் சுரப்பு வாடிவிடுகிறது, மாதவிடாய் நிற்கிறது, பல வருடம் நீடித்தால் எலும்பும் தேய்கிறது. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, பழைய ஹாலோபெரிடால் இவற்றில் இது அதிகம். குளோசபின், குவெட்டியாபின், அரிபிப்ரசோல் இவற்றில் குறைவு.

அதாவது, ஈஸ்ட்ரோஜன் உண்மையிலேயே ஒரு காவல் என்றால், நோயைத் தணிக்கும் மாத்திரையே அந்தக் காவலையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறது. மாத்திரை வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மாத்திரை இல்லாத அக்காவை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையை எழுதும்போதே, “அம்மா, இதனால் மாதவிலக்கு தள்ளிப்போகலாம், பால்கூட வரலாம், பயப்படாதீர்கள், என்னிடம் வந்து சொல்லுங்கள்” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அம்மாவுக்கு அந்த ஆகஸ்ட் வாரம் வந்திருக்காது. ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பால்காரரிடம் அவள் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. என்னவென்று கேட்பாள்?

இதில் எனக்கு அதிகமாகக் கோபம் வருவது, இந்தத் தொடர்பு யாருக்கும் தெரியாத ஒன்று அல்ல என்பதில்தான். மனச்சிதைவுக்கு அந்தப் பெயரே வராத காலத்திலேயே எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் இந்த நோய்க்கும் பாலுறுப்புச் சுரப்பிகளுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். அந்தச் சுரப்பிகளிலிருந்து ஒரு நஞ்சு கிளம்பி மூளையைக் கெடுக்கிறதோ என்பது அவருடைய ஊகம். மாதவிடாயோடு வந்து போகும் பித்தைப் பற்றி கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் 1902இல் தனி நூலே எழுதினார். அதற்கும் முன்னால், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி என்ற அறுவை மருத்துவர் (பெயரே அப்படித்தான்) 1872இல் நல்ல நிலையில் இருந்த சூலகங்களை வெட்டி எடுக்கத் தொடங்கினார். மாதவிடாய்க் கோளாறு, வலிப்பு, மனக்கோளாறு எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்று கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரவியது. மனநோய் விடுதிகளில் இருந்த பெண்களும் தப்பவில்லை. மாதவிடாயை ஒட்டி நோய் கூடுகிறது என்று கண்டார்கள். ஆகவே சூலகம்தான் குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். அந்த நாட்களில் சூலகத்தின் சுரப்பு மிகையாவதில்லை, வீழ்கிறது என்பதை அறிய அப்போது வழியில்லை. பிரச்சினை ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போவதில் இருந்தது என்றால், அந்தப் பெண்களிடமிருந்து எதை வெட்டி எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அறிய வழியில்லை என்றேன். ஈஸ்ட்ரடையாலை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது 1930களில்தான். செயின்ட் லூயிஸ் நகரில் எட்வர்ட் டாய்சியின் குழு நான்கு டன் பன்றிச் சூலகங்களைக் கரைத்து வடித்து, கிடைத்தது 12 மில்லிகிராம். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். மூன்று அறுகோணம், ஒரு ஐங்கோணம் என்று கரும்பலகையில் ஸ்டீராய்டு வளையங்களை வரைந்து, கொலஸ்ட்ராலிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வருவதையும், ஓர் என்சைம் தொட்டால் அதே டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரடையாலாக மாறுவதையும் எத்தனையோ வருடம் விளக்கியிருக்கிறேன். ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று இயற்கை பாத்தி கட்டி வைக்கவில்லை என்று ஒரு பன்ச் வேறு. வீட்டில் அக்கா அடுத்த அறையில் சுவரோடு பேசிக்கொண்டிருப்பாள். இரண்டையும் சேர்த்து ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ரிஸ்பெரிடோனை நிறுத்தி ஓலன்சபின் கொடுத்தார்கள். 2000ஆம் வருடக் காலண்டரில் பிப்ரவரியிலிருந்து வட்டங்கள் திரும்பிவிட்டன. அதில் முதல் வட்டத்தை மட்டும் அம்மா இரண்டு முறை சுற்றியிருக்கிறாள். பிறகு பதின்மூன்று வருடம் பெரிய சேதமில்லை. அக்கா உடம்பு பெருத்தாள், சர்க்கரை வந்தது, அது வேறு கதை. பெருக்கல் குறிகள் மாதத்துக்கு ஒன்று, இரண்டு, சில மாதம் ஒன்றுமில்லை.

2013 அக்டோபரில் கடைசி வட்டம். அடுத்த வருடக் காலண்டர் கட்டில் இல்லை. வட்டம் போடும் வேலை முடிந்துவிட்டதே என்று அம்மா சேர்த்து வைக்காமல் விட்டிருக்கிறாள். ஆனால் பெருக்கல் குறிக்கு நிறைய வேலை இருந்த வருடம் அது. 2014 வைகாசியில் அக்கா மீண்டும் முழுதாக நோய்க்குள் போனாள். மாடியில் இருந்த இருவர் திரும்பி வந்தார்கள். இந்த முறை மூன்றாவதாக ஒரு பெண்ணையும் அழைத்து வந்திருந்தார்கள். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள்.

அப்போது பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா?” இல்லை என்றாள் அம்மா. “வாயில் போட்டுக்கொண்டு துப்பியிருப்பாள், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.” எழுபத்தாறு வயதில், மாத்திரை விழுங்கியதும் அக்காவின் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்த அம்மா அவள். காலியான அட்டைகளைக்கூடத் தூக்கிப் போடாமல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். மறுமுறை அந்த அட்டைகளைப் பையில் எடுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் அதைப் பார்க்கவில்லை. வெளியே வந்து மருந்துக் கடை வாசலில் நின்று, “நான் கொடுத்தேன்டா, தம்பி” என்று மட்டும் சொன்னாள். நானும் உள்ளூரச் சந்தேகப்பட்டேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

அம்மா போன அடுத்த வருடம், அந்த மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண் மருத்துவர் அக்காவின் கோப்பைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: “சார், இவருக்கு மாதவிடாய் எப்போது நின்றது?” இருபத்தைந்து வருடத்தில் ஒரு மனநல மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்பது அதுவே முதல் தடவை. எனக்கு விடை தேதியோடு தெரியும் என்பதில் அவருக்கு வியப்பு. அடுத்த முறை காலண்டர்களையும் வரைபடத்தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் மேசையில் விரித்து வைத்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சில தாள்களைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது ஒரு வேதியியல். ஓலன்சபினையும் குளோசபினையும் கல்லீரலில் சிதைக்கும் முக்கியமான என்சைம் ஒன்று உண்டு. ஈஸ்ட்ரோஜன் அந்த என்சைமைக் கொஞ்சம் மந்தப்படுத்தி வைக்கிறது. அதனால் மாதவிடாய் நிற்காத பெண்ணின் இரத்தத்தில் மாத்திரை கூடுதல் நேரம் தங்கும். ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் என்சைம் சுறுசுறுப்பாகிறது, அதே அளவு மாத்திரை சாப்பிட்டாலும் இரத்தத்தில் மருந்து குறைகிறது. (புகைபிடித்தால் அந்த என்சைம் இன்னும் வேகம் எடுக்கும்; அதனால்தான் புகைபிடிக்கும் ஆண்களுக்கு அளவு கூடுதலாக வேண்டியிருக்கிறது. காபி எதிர்ப்பக்கம் இழுக்கும். அக்காவின் நான்கு வேளைக் காபியை நான் இப்போது புது மரியாதையோடு பார்க்கிறேன்.) ஆக, மாதவிடாய் நிற்கும் வயதில் இரண்டு அடி ஒரே நேரத்தில் விழுகிறது. மூளையில் இருந்த காவலும் போகிறது, மாத்திரையின் பலமும் குறைகிறது. அம்மா அதே மாத்திரையை அதே கையால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே இருந்த உடல்தான் அதே உடல் இல்லை.

சரி, ஈஸ்ட்ரோஜனையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். டொரண்டோவில் மேரி சீமன் என்ற மனநல மருத்துவர் பல பத்தாண்டுகளாக இதைப் பற்றி எழுதியவர். அவருடைய கணவர் ஃபிலிப் சீமன்தான் மனச்சிதைவு மாத்திரைகள் எந்த ஏற்பியைப் பிடிக்கின்றன என்று 1975இல் காட்டியவர்களில் ஒருவர். ஒருவர் ஏற்பியையும் மற்றவர் அந்த ஏற்பி இருக்கும் பெண்ணையும் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றும். மெல்போர்னில் ஜெயஸ்ரீ குல்கர்னி சோதித்தே பார்த்தார். 2008இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் 102 பெண்கள். வழக்கமான மாத்திரையோடு சிலருக்குத் தோலில் ஒட்டும் 100 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரடையால் பட்டை, மற்றவர்களுக்கு மருந்தில்லாத பட்டை, 28 நாட்கள். மருந்துப் பட்டை ஒட்டியவர்களுக்குக் குரல், பிரமை போன்ற அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. 2015இல் 183 பெண்களை வைத்து இன்னும் நீண்ட ஆய்வு. அதிலும் பலன் தெரிந்தது. 2019இல் மால்டோவா நாட்டில் 200 பெண்களிடம் வேறொரு குழு சோதித்தபோதும் பலன் இருந்தது. ஆனால் பெரும்பாலும் 38 வயதைத் தாண்டியவர்களிடம்தான். இளவயதுப் பெண்களிடம் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. சொந்தச் சுரப்பு குறையத் தொடங்கிய பிறகு வெளியிலிருந்து ஊற்றினால்தான் பலிக்கிறது போலும்.

பின்லாந்தின் மருத்துவப் பதிவேடுகளை வைத்து 2024இல் வந்த ஆய்வு 3,488 பெண்களைப் பற்றியது. அதே பெண், ஹார்மோன் மருந்து எடுத்த காலத்தையும் எடுக்காத காலத்தையும் ஒப்பிட்டால், எடுத்த காலத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு 16 சதவீதம் குறைவு. மார்பையும் கருப்பையையும் தொடாமல் எலும்பில் ஈஸ்ட்ரோஜன்போல் வேலை செய்யும் ரலாக்ஸிஃபீன் என்ற மாத்திரையையும் பார்த்தார்கள். ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் நன்றாக இருந்தது. நோய் முற்றிய 200 பெண்களிடம் கொடுத்தபோது பலன் இல்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களே கொஞ்சம் தேவலை என்று ஆனது. இந்தத் துறையில் எந்த நல்ல செய்தியையும் முழு நல்ல செய்தியாக யாரும் கையில் கொடுத்துவிடுவதில்லை.

ஆண்களின் கதை வேறு, அதில் தெளிவும் குறைவு. டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களிடம் பேச்சற்றுப் போவது, எதிலும் நாட்டமில்லாமல் முடங்குவது போன்ற அறிகுறிகள் கூடுதலாகத் தெரிகின்றன என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. புரோலாக்டின் ஏறினால் அவர்களுக்கும் ஆண்மை குன்றும். அதை எந்த ஆணும் மருத்துவரிடம் சொல்வதில்லை, பேசாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறான். என்னிடம் படித்த ஒரு பையன் அப்படித்தான் நிறுத்தினான். திருமணமாகி மூன்றாவது மாதம்.

அக்காவுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுக்கவில்லை. சித்தி மார்புப் புற்றுநோயில் போனவள். கருப்பை இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கருப்பைச் சுவர் தடித்து வேறு ஆபத்து வரும். அதற்குத் துணையாக இன்னொரு ஹார்மோன் சேர்க்க வேண்டும். இரத்தக் கட்டி, சர்க்கரை எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார் அந்த மருத்துவர். ஓலன்சபின் அளவைச் சற்றுக் கூட்டினார். எலும்பு அடர்த்தி பார்க்கச் சொன்னார். 1999இன் அந்த மாதங்களைப் பற்றித் தனியாகக் குறித்துக்கொண்டார். பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. நான்கைந்து மாதத்தில் அக்கா தட்டைத் தள்ளுவதை நிறுத்தினாள். மூன்றாவதாக வந்த பெண் போய்விட்டாள். மற்ற இருவர் இருக்கிறார்கள், ஆனால் தாழ்ந்த குரலில் பேசுகிறார்களாம்.

இவ்வளவு படித்து, இவ்வளவு பேரிடம் பேசியும், அக்காவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய தம்பி, அக்காவிடம் அதைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது? எங்கள் வீட்டில் அந்த மூன்று நாட்கள் என்பது கொல்லைப்புறத்து அறையும் தனித் தட்டும். நான் அந்தப் பக்கம் போகக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. போன ஐப்பசியில் ஒரு மழை மாலை. அக்கா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் காலண்டர் ஒன்றை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தேன். வட்டத்தைக் காட்டி, இது என்னவென்று தெரியுமா என்று கேட்டேன்.

“அம்மா போட்டது” என்றாள்.

“இதற்கு முன்னால் உள்ள நாட்களில் உனக்குச் சத்தம் கூடுமா?”

அவள் என்னைப் பார்த்தாள். பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் தோற்றபோது பார்த்த அதே பார்வை.

“கூடும். நான்கு நாள் முன்னாலேயே மாடியில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும். அவர்கள் உட்கார வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வேன். குளித்துத் தலை முழுகினால் எழுந்து போய்விடுவார்கள்.”

“டாக்டரிடம் சொன்னாயா?”

“சத்தம் கேட்கிறதா என்று கேட்பார். கேட்கிறது என்பேன். எப்போது என்று கேட்கவே இல்லையே.”

காலண்டரை என் பக்கம் நகர்த்திவிட்டு, அதன் மேல் விழுந்திருந்த கீரை இலையை எடுத்து முறத்தில் போட்டாள். அது 1996ஆம் வருடத்துக் காலண்டர். அடுத்த வியாழக்கிழமை எலும்பு ஸ்கேனுக்குப் போக வேண்டும். அதை அவள்தான் நினைவுபடுத்தினாள்.